உழவு இயந்திரத்தின் திசைமாற்றி மூட்டுகள்

உழவு இயந்திரத்தின் திசைமாற்றி மூட்டுகள் என்பவை, ஓட்டுநரின் கையிலுள்ள ஸ்டியரிங் சக்கரத்தின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் கைகளையும் கோல்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் அசையும் இணைப்புகள் ஆகும். பட்டறைகளில் பால் ஜாயிண்ட் என வழங்கும் பந்து மூட்டுகளும், முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் கிங்பின்னும் அதன் புஷ்களும் இவற்றுள் முதன்மையானவை. பழைய டிராக்டர்களில் ஸ்டியரிங் தளர்ந்துவிட்டது எனக் கூறப்படும்போது ஸ்டியரிங் பெட்டியின் மீதே முதலில் ஐயம் எழுகின்றது. ஆனால் தளர்வின் பெரும்பங்கு இந்தச் சிறு மூட்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

இக்கட்டுரை, சென்னையில் டாஃபே நிறுவனம் உருவாக்கிய மாசி பெர்குசன் 1035 போன்ற பெர்குசன் வழி டிராக்டர்களில் காணப்படும் இரட்டைக் கை அமைப்பை மையமாகக் கொண்டு, கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு நெல்வயல் சூழலில் இம்மூட்டுகளின் தேய்மானம், பராமரிப்பு, பழுதுநீக்கம் ஆகியவற்றை விளக்குகின்றது.

நாஞ்சில் நாட்டு வயல்களில் டிராக்டர்

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய வட்டங்களை உள்ளடக்கிய நெல் விளையும் பகுதியாகும். திருவிதாங்கூர் ஆட்சியின் கீழிருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாக அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரும், எண்ணற்ற குளங்களும் இங்குள்ள வயல்களுக்குப் பாசனம் அளிக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் ஆண்டுக்கு இரு போகம் நெல் விளைகின்றது. அறுவடையாகும் மாதத்தின் பெயரால் இவை கன்னிப்பூ, கும்பப்பூ என அழைக்கப்படுகின்றன. கன்னி என்பது புரட்டாசியையும், கும்பம் என்பது மாசியையும் குறிக்கும்.

இந்தப் பயிர் நாட்காட்டி டிராக்டரின் தேய்மானத்தோடு நேரடித் தொடர்புடையது. கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடைப்பட்ட காலம் குறுகியது. அந்தச் சில வாரங்களில் டிராக்டர்கள் காலை முதல் இருட்டும் வரை தொளியில் நிற்கின்றன. நீர் நிறுத்தி உழுது குழைத்த சேறே இவ்வட்டாரத்தில் தொளி எனப்படுகின்றது. மழையும் இதே நேரத்தில் வலுக்கின்றது. இக்காலத்தில் ஒரு பந்து மூட்டு முறிந்து டிராக்டர் இரண்டு நாள் நின்றுவிட்டால், அதனை நம்பியுள்ள பல வயல்களின் நடவு தள்ளிப்போகும். நாற்றின் வயதோ ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டிருக்கும். மூட்டைச் சரிபார்ப்பதற்கு ஏற்ற காலம், உழவு தொடங்குவதற்கு முந்தைய ஓய்வு நாட்களே.

தொளியில் பின்சக்கரங்களில் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் பூட்டப்படுகின்றன. முன்சக்கரங்களோ வழக்கமான ரப்பர் சக்கரங்களே. 1035 வகையில் பரவலாகக் காணப்படும் 6.00-16 அளவு முன்சக்கரம் சேற்றில் அமிழும்போது சக்கரத்தின் ஹப்பும், கிங்பின்னின் கீழ்ப்புஷ்ஷும் சேற்று மட்டத்துக்கு அருகில் வந்துவிடுகின்றன. கிங்பின்னின் தலைப்பகுதியில் உள்ள பந்து மூட்டு மேலே இருப்பினும், சக்கரம் வாரி எறியும் சேற்றுநீர் அதன் மீது ஓயாமல் படுகின்றது. உழவு இல்லாத காலத்தில் இதே டிராக்டர்கள் டிரெய்லர் பூட்டி மண், உரம், வைக்கோல், செங்கல் ஆகியவற்றைச் சாலையில் ஏற்றிச் செல்கின்றன. சேற்றில் கெட்ட மூட்டின் விளைவு சாலையில்தான் வெளிப்படுகின்றது.

இரட்டைக் கை அமைப்பு

நான்கு சக்கர ஊர்தி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிட அதிகக் கோணத்தில் திரும்ப வேண்டும். இல்லையெனில் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் இழுபடும். மியூனிக் நகர வண்டித் தொழிலாளர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் இதற்குக் கண்ட தீர்வை, அவருடைய முகவரான ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை செய்தார். கண்டவர் பெயர் மறைந்து, பதிந்தவர் பெயராலேயே இவ்வடிவியல் இன்றும் ஆக்கர்மன் அமைப்பு என வழங்குகின்றது.

பெரும்பாலான ஊர்திகளிலும் ஒற்றைக் கை டிராக்டர்களிலும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம் எனப்படும் ஒரே கை, ஒரு கோலின் வழியாக ஒரு முன்சக்கரத்தைத் திருப்பும். அச்சக்கரத்தையும் மறுசக்கரத்தையும் குறுக்கே செல்லும் டை ராடு பிணைக்கும். பெர்குசன் அமைப்பு இதிலிருந்து வேறுபட்டது. ஹாரி பெர்குசனின் வடிவமைப்பில் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உருவாக்கப்பட்ட டி.இ.20 டிராக்டரில், ஸ்டியரிங் பெட்டியின் இருபுறமும் இரண்டு டிராப் ஆர்ம்கள் இருந்தன. ஒன்று முன்னோக்கி நகரும்போது மற்றது பின்னோக்கி நகரும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட கோல் பொறியின் பக்கவாட்டில் முன்னே சென்று, அந்தந்தப் பக்கத்து முன்சக்கரத்தைத் திருப்பியது. இரு சக்கரங்களையும் நேரடியாகப் பிணைக்கும் குறுக்குக் கோல் இல்லை. முன்னச்சின் இரு பாதிகளும் பின்னோக்கிச் சாய்ந்து அமைந்திருந்ததால், பயிர் வரிசைக்கு ஏற்ப முன்சக்கரங்களின் இடைவெளியை மாற்றும்போதும் கோல்களின் நீளத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதுவே அவ்வடிவமைப்பின் சிறப்பு.

1953-இல் பெர்குசன் நிறுவனம் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1950களின் நடுவில் வந்த 35 வரிசை டிராக்டர்களிலும் இரட்டைக் கை தொடர்ந்தது. பெட்டியின் உட்பகுதி மட்டும் மாறியது. திருகுத் தண்டும் நட்டும் தமக்கிடையே எஃகுக் குண்டுகள் உருண்டோட இயங்கின. நட்டு ஒரு புறத்துத் தண்டைத் திருப்ப, அதன் பற்கள் மறுபுறத்துத் தண்டை எதிர்த்திசையில் திருப்பின. 1960-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே வழியாக இவ்வழி டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களில் பரவின. பின்னாளில் ஒற்றைக் கை அமைப்பும் பல டிராக்டர்களில் இடம்பெற்றதால், வேலையைத் தொடங்கும் முன் எந்த அமைப்பு என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

இரட்டைக் கை அமைப்பில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் அதன் பக்கத்துக் கோல் மட்டுமே கட்டுப்படுத்துகின்றது. எனவே ஒரு மூட்டு கழன்றால், மறுசக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட்டிருந்தாலும், கழன்ற பக்கத்துச் சக்கரம் எத்திசையிலும் மடங்கும். மடங்கிய சக்கரம் டிராக்டரைத் தன் பக்கம் இழுக்கும். குளத்தங்கரையிலோ வாய்க்கால் ஓரத்துப் பாதையிலோ இது நேர்ந்தால் ஓட்டுநர் செய்வதற்கு அதிகம் இராது.

பந்து மூட்டின் அமைப்பும் தேய்மானமும்

பந்து மூட்டு என்பது கிண்ணத்துள் அமர்ந்த எஃகுப் பந்தாகும். பந்திலிருந்து நீளும் தண்டு கூம்பு வடிவில் குறுகி, கையின் துளையிலுள்ள அதே கூம்பில் இறுக அமர்கின்றது. தண்டின் முனையில் மறையும், அதன் மேல் கோட்டை மதில் போன்ற வெட்டுகள் கொண்ட காசில் நட்டும், நட்டு கழலாதபடி குறுக்கே செல்லும் ஸ்பிளிட் பின்னும் உள்ளன. கிண்ணத்தின் அடியில் ஒரு வில்சுருள் பந்தை மேல்நோக்கி அழுத்தி வைத்திருக்கும். கிண்ணத்தின் வாயை ரப்பர் உறை மூடுகின்றது. பழைய வகைகளில் கிரீஸ் இடுவதற்கு நிப்பிள் உண்டு. பிற்காலத்து மூட்டுகள் சிலவற்றில் நிப்பிள் இராது. அவை கிரீஸ் நிரப்பி அடைக்கப்பட்டவை, தேய்ந்தால் மாற்ற வேண்டியவை.

தேய்மானம் ரப்பர் உறையில் தொடங்குகின்றது. வெயிலிலும் டீசல் கசிவிலும் ரப்பர் வெடித்ததும் சேற்றுநீர் உள்ளே புகுகின்றது. நீர் கிரீஸை வெளுத்த குழம்பாக்குகின்றது. சேற்றிலுள்ள நுண்மணல் அக்குழம்போடு சேர்ந்து, பந்தையும் கிண்ணத்தையும் அரைக்கும் சாந்தாகிவிடுகின்றது. உழவு முடிந்து டிராக்டர் கொட்டகையில் நிற்கும் வாரங்களில் வேறொரு கேடு நிகழ்கின்றது. உள்ளே தங்கிய நீரால் பந்தின் மேற்பரப்பு துருப்பிடித்துக் குழிவிழுகின்றது. அடுத்த பருவத்தில் அந்தக் குழிகள் அரம்போலக் கிண்ணத்தைத் தேய்க்கும். மணக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் இதற்குத் துணை செய்கின்றது.

வில்சுருள் உள்ளவரை தேய்ந்த மூட்டும் கைக்கு இறுக்கமாகவே தோன்றும். சுருள் தளர்ந்த பின்னரே ஆட்டம் தெரியும். அந்நிலையில் பந்து கிண்ணத்தின் வாயைவிட அதிகம் பருத்திராது. முன்சக்கரம் வரப்பில் மோதும் ஓர் அதிர்ச்சியில் பந்து வெளியே வந்துவிடக்கூடும்.

டிராக்டரை நிறுத்தி வைத்து, சேற்றில் புதைந்த முன்சக்கரங்களை ஸ்டியரிங்கால் மட்டும் வலிந்து திருப்புவது மூட்டுகளுக்கு மிகுந்த சுமையைத் தருகின்றது. தொளியில் திருப்பும்போது ஸ்டியரிங்குடன் அப்பக்கத்துப் பின்சக்கர பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்பும் வழக்கம் இச்சுமையைக் குறைக்கும். டிராக்டரில் இடம், வலம் என இரு பிரேக் மிதிகள் தனித்தனியே இருப்பது இதற்காகவே. சாலையில் ஏறும் முன் அவ்விரண்டையும் கொக்கியிட்டுப் பிணைத்துவிட வேண்டும்.

தளர்வைக் கண்டறிதல்

சக்கரங்களை நேராக வைத்து, பொறியை நிறுத்தி, முன்சக்கரங்கள் அசையாத அளவுக்கு ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கும்போது கிடைக்கும் வெற்று அசைவே தளர்வின் அளவு. விளிம்பில் சுமார் 25 முதல் 50 மி.மீ வரை அசைவு பழைய டிராக்டர்களில் பொதுவாக ஏற்கப்படுகின்றது. சரியான வரம்பு அந்தந்த வகையின் கையேட்டில் இருக்கும்.

சிறு தேய்மானம் பெரிய தளர்வாகத் தெரிவதற்குக் காரணம் ஸ்டியரிங் பெட்டியின் பற்சக்கர விகிதம். எடுத்துக்காட்டாக, டிராப் ஆர்மின் நீளம் 150 மி.மீ எனவும், விகிதம் 15-க்கு 1 எனவும், ஸ்டியரிங் சக்கரத்தின் விட்டம் 400 மி.மீ எனவும் கொண்டால், ஒரு மூட்டில் உள்ள 1 மி.மீ ஆட்டம் ஸ்டியரிங் விளிம்பில் ஏறத்தாழ 20 மி.மீ ஆகப் பெருகும். ஒரே கோலின் இரு முனைகளிலும் இவ்வளவு தேய்மானம் இருந்தால், பெட்டி புதியதாகவே இருந்தாலும் விளிம்பில் 40 மி.மீ தளர்வு தெரியும்.

தளர்வு எங்கு உள்ளது என்பதை இருவர் சேர்ந்து எளிதில் கண்டுபிடிக்கலாம். ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு முன்னும் பின்னும் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் இரு பகுதிகளையும் ஒரே விரல் தொட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் அசைந்தும் டிராப் ஆர்ம் அசையவில்லையெனில் குறை பெட்டியில் அல்லது தண்டில் உள்ளது. டிராப் ஆர்ம் அசைந்து கோல் அசையவில்லையெனில் பின் மூட்டிலும், கோல் அசைந்து சக்கரக் கை அசையவில்லையெனில் முன் மூட்டிலும் குறை உள்ளது. கை அசைந்தும் சக்கரம் திரும்பவில்லையெனில் கையைக் கிங்பின்னோடு பிணைக்கும் சாவியையோ போல்ட்டையோ பார்க்க வேண்டும். இச்சோதனையை இடப்புறமும் வலப்புறமும் தனித்தனியே செய்தல் இன்றியமையாதது. ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் அதுவே ஸ்டியரிங்கில் உணரப்படும். மறுபக்கத்தின் தளர்வு கைக்குத் தெரியாமலே போகக்கூடும்.

அடுத்து முன்னச்சின் ஒரு முனையை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் உறுதியான மரக்கட்டை வைத்த பின், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது ஹப் பேரிங்கிலிருந்தா, கிங்பின்னிலிருந்தா என்பதைப் பிரித்தறிதல் அவசியம். அச்சின் முனைக்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறினால் குறை கிங்பின் புஷ்ஷில். இடைவெளி மாறாமல் சக்கரம் மட்டும் ஆடினால் குறை பேரிங்கில்.

முன்னச்சின் நடுவிலுள்ள சென்டர் பின்னும் தேயக்கூடியது. முன்னச்சிலிருந்து பின்னோக்கிச் சென்று டிராக்டரின் நடு உடலில் பந்து முனையாக அமரும் தாங்கு கோல்களும் பெர்குசன் வடிவத்தில் உண்டு. இவற்றின் பின்முனைகள் தளர்ந்தால் அச்சே முன்னும் பின்னும் நகரும். ஓட்டுநருக்கு அது ஸ்டியரிங் தளர்வு போலவே தோன்றும். எல்லாப் பந்து மூட்டுகளையும் மாற்றிய பின்னும் டிராக்டர் சாலையில் அலைகின்றது எனில் பலமுறை காரணம் இங்குதான் இருக்கும்.

கிரீஸ் இடுதல்

கிரீஸின் முதற்பணி உராய்வைக் குறைப்பது என நூல்கள் கூறும். தொளியில் உழும் டிராக்டரில் அதற்கு இணையான மற்றொரு பணி, மூட்டின் உள்ளிடத்தை நிரப்பி நீரும் மண்ணும் புகாமல் தடுப்பது. எனவே சேற்றுழவுக் காலத்தில் முன்னச்சின் எல்லா நிப்பிள்களுக்கும் நாள்தோறும், அதாவது ஏறத்தாழ 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை, கிரீஸ் இடுவது வழக்கம். உலர் வேலைகளில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் எனப் பல கையேடுகள் கூறுகின்றன.

நிப்பிளின் வாயைத் துணியால் துடைத்த பின்னரே கிரீஸ் கன்னைப் பொருத்த வேண்டும். துடைக்காமல் அழுத்தினால், வாயில் ஒட்டியிருந்த மண் கிரீஸோடு உள்ளே செல்லும். உறை உள்ள பந்து மூட்டில் உறை சற்றே உப்பும் வரையிலும், கிங்பின்னில் பழைய கறுத்த கிரீஸ் வெளியேறிப் புதிய கிரீஸ் தெரியும் வரையிலும் அழுத்துதல் வேண்டும். கிங்பின்னுக்கு அச்சை உயர்த்தி, சக்கரத்தின் சுமை நீங்கிய நிலையில் கிரீஸ் இட்டால்தான் அது சுமை தாங்கும் பகுதிக்கும் செல்லும். வாய்க்காலிலோ குளத்திலோ டிராக்டரைக் கழுவும் வழக்கம் உள்ள இடங்களில் கழுவிய பின்னரே கிரீஸ் இட வேண்டும். புகுந்த நீரைப் புதிய கிரீஸ் வெளியே தள்ளும். கிரீஸ் ஏறாத நிப்பிளைப் புறக்கணித்து அடுத்ததற்குச் செல்வது பரவலாகக் காணப்படும் தவறு. நிப்பிளைக் கழற்றி, துளையை மண்ணெண்ணெயால் கழுவிப் புதிய நிப்பிள் பொருத்துவது சில நிமிட வேலை. அதன் விலையும் மிகக் குறைவு.

சுண்ணச் சோப்பு அடிப்படையிலான கிரீஸ் நீரை நன்கு தாங்கும், ஆனால் வெப்பத்தில் உருகிவிடும். லித்தியம் சோப்பு கிரீஸ் வெப்பத்தையும் தாங்கும். ஸ்டியரிங் மூட்டுகள் சூடாவதில்லை ஆகையால் இரண்டும் ஏற்றவை. ஹப் பேரிங்குகளுக்கு லித்தியம் வகையே உகந்தது. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் கலவை இளகி ஒழுகிவிடக்கூடும். வகையை மாற்றும்போது பழையதை முற்றிலும் வெளியேற்றுதல் நல்லது. கழிவு எஞ்சின் ஆயிலை மூட்டுகளில் ஊற்றுவது பயனற்றது. அது நிற்பதில்லை என்பதோடு ரப்பர் உறையையும் கெடுக்கின்றது.

பந்து மூட்டை மாற்றுதல்

ஆட்டம் கண்ட பந்து மூட்டைப் பழுதுபார்த்தல் என்பது பெரும்பாலும் மாற்றுதலே ஆகும். கிண்ணத்தின் அடியில் திருகு மூடி உள்ள பழைய வகைகளில் மட்டும், மூடியை இறுக்கிச் சிறிதளவு தேய்மானத்தை ஈடுசெய்யலாம். பந்தில் குழியோ தட்டைப் பகுதியோ காணப்பட்டால் அதுவும் பயன்தராது.

முதலில் கோலின் நீளத்தை, ஒரு பந்தின் நடுவிலிருந்து மறு பந்தின் நடு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவைத் தவறவிட்டால் பிற்பாடு சக்கர நேர்ப்பாடு முழுவதையும் புதிதாகச் செய்ய நேரிடும். ஸ்பிளிட் பின்னை எடுத்து, காசில் நட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி மறையிலேயே விட்டுவைக்க வேண்டும். கூம்பு விடுபடும் கணத்தில் கோல் கீழே விழாமலும், மறை நசுங்காமலும் அது காக்கும்.

பல ஆண்டுகள் இறுகியிருந்த கூம்பைத் தண்டின் முனையில் சுத்தியலால் அடித்து எடுக்க முயல்வது மறையைக் கெடுக்கும் வழி. கூம்பு அமர்ந்துள்ள கையின் கண்ணை, இரு பக்கங்களிலும் எதிரெதிராக இரு சுத்தியல்களால் ஒரே நேரத்தில் அடித்தால், கண் கணநேரம் விரிந்து கூம்பு தானே விடுபடும். ஒரு சுத்தியலை அடைகல் போலப் பிடித்துக்கொண்டு மற்றதால் அடித்தாலும் போதும். பிளவுக் கவையோ திருகு இழுவையோ இருந்தால் வேலை இன்னும் எளிது. கவை ரப்பர் உறையைக் கிழித்துவிடும் ஆதலால், மீண்டும் பயன்படுத்தவிருக்கும் மூட்டுக்கு அது ஏற்றதன்று. வெல்டிங் சுடரால் கையைச் சூடாக்குவது எஃகின் வலிமையைக் குறைக்கும்.

கோலிலிருந்து மூட்டைத் திருகி எடுக்கும் முன் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, எத்தனை சுற்றில் வெளிவருகின்றது என எண்ண வேண்டும். சில கோல்களில் ஒரு முனை இடமறையாக இருக்கும். திரும்ப மறுத்தால் வலிந்து திருப்பும் முன் இதனைச் சரிபார்ப்பது நன்று. புதிய மூட்டை அதே சுற்றுகளுக்குத் திருக வேண்டும். மறை விட்டத்துக்குக் குறையாத ஆழம் உள்ளே சென்றிருத்தல் வேண்டும். கோலின் பிளவுக்கு நேராகக் கிளாம்ப் பிடித்திருத்தலும் அவசியம்.

கூம்பின் இரு பக்கங்களையும் கிரீஸ் இன்றித் துடைத்து உலர்வாகவே பொருத்த வேண்டும். பழைய கையின் கண் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதிய மூட்டும் அதில் நிற்காது. அப்போது கையையும் மாற்றியே ஆக வேண்டும். நட்டை இறுக்கிய பின் அதன் வெட்டும் துளையும் நேராக வராவிட்டால், மேலும் சற்று இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவர வேண்டுமேயன்றித் தளர்த்துதல் கூடாது. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இருத்தல் வேண்டும். அதற்குப் பதிலாக ஆணியையோ கட்டுக்கம்பியையோ மடக்கிச் செருகுவதைப் பல டிராக்டர்களில் காணலாம். கம்பி அறுந்த நாளில் நட்டு கழலத் தொடங்கும். நட்டு கழன்ற பின் கூம்பின் பிடி மட்டுமே எஞ்சும்.

கிங்பின்னும் புஷ்களும்

கிங்பின், முன்னச்சின் முனையிலுள்ள குழலில் மேலும் கீழுமாக இரு புஷ்களில் சுழல்கின்றது. டிராக்டரின் முன்பாரத்தைக் கீழேயுள்ள தள்ளு பேரிங் தாங்குகின்றது. தேய்மானம் கீழ்ப்புஷ்ஷில் விரைவாக ஏற்படும். கிங்பின்னைக் கழற்றியதும் அதன் தேயாத நடுப்பகுதியையும் புஷ் அமரும் பகுதியையும் மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிட்டால் தேய்மானம் தெரியும். தண்டு தேய்ந்திருக்கப் புஷ்ஷை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் ஆட்டம் திரும்பிவிடும்.

புதிய புஷ்ஷைப் பொருத்தும்போது அதன் கிரீஸ் துளை அச்சிலுள்ள நிப்பிள் துளைக்கு நேராக அமைய வேண்டும். இது சிறிது தவறினாலும் கிரீஸ் ஒருபோதும் உள்ளே செல்லாது. அடித்து ஏற்றிய புஷ் சற்றே சுருங்குவதால், இரு புஷ்களையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் கொண்டு அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். நிறுவனத்தின் உதிரிப்பாகம் கிடைக்காத பழைய வகைகளுக்கு, லேத் பட்டறையில் வெண்கலத்தில் புஷ் கடைந்து பொருத்துவது நடைமுறையில் நன்கு பயன்தரும் வழியாகும். பந்து மூட்டில் கூடாத இந்த உள்ளூர்த் தயாரிப்பு இங்கு ஏற்கத்தக்கதாவதற்குக் காரணம், புஷ் உடைந்தாலும் கிங்பின் குழலுக்குள்ளேயே நிற்கும், சக்கரம் கழன்று போகாது என்பதே.

சக்கர நேர்ப்பாடு

முன்சக்கரங்களுக்கிடையே முன்புறத்து இடைவெளி, பின்புறத்து இடைவெளியைவிடச் சிறிதளவு குறைவாக வைக்கப்படுகின்றது. இது டோ-இன் எனப்படும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இவ்வேறுபாடு 0 முதல் 6 மி.மீ வரை. இது தவறினால் முன்சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேயும்.

டை ராடு உள்ள டிராக்டரில் ஒரே கோலைத் திருகி இதனைச் சரிசெய்யலாம். இரட்டைக் கை அமைப்பில் அவ்வாறு செய்தால் அளவு சரியாகும், ஆனால் ஸ்டியரிங்கின் நடுநிலை விலகிவிடும். முதலில் கோல்களைக் கழற்றிய நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் டிராக்டரின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்து, அந்தந்தப் பக்கத்துக் கோலின் நீளத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டும். டோ-இன் அளவை இருபுறமும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். அளக்கும்போது சக்கரத்தின் விளிம்பில் ஹப் உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, முன்னே அளந்த பின் டிராக்டரைத் தள்ளிச் சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி அதே குறிகளைப் பின்னே அளந்தால், வளைந்த விளிம்பால் ஏற்படும் பிழை நீங்கும். டிராப் ஆர்ம்களைக் கழற்ற நேரிட்டால் தண்டிலும் கையிலும் ஒரே கோடாகக் குறியிட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஒரு பல் தவறிப் பொருத்தினாலும் ஒரு பக்கம் முழுமையாகத் திரும்பாது.

தவிர்க்க வேண்டியவை

பந்துத் தண்டையோ தேய்ந்த கிண்ணத்தின் வாயையோ வெல்டிங் செய்து பயன்படுத்துவது இவற்றுள் மிகவும் இடர் நிறைந்தது. பந்துத் தண்டு வெப்பப்பதம் செய்து வலுவூட்டப்பட்ட எஃகு. வெல்டிங்கின் வெப்பம் அப்பதத்தை அழித்து, பற்றுக்கு அருகே நொறுங்கும் பட்டை ஒன்றை உருவாக்குகின்றது. அது வளைந்து எச்சரிக்காமல் ஒரேயடியாக முறியும். கிண்ணத்தின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து ஒடுக்குவதும் சில நாட்களுக்கு ஆட்டத்தை மறைக்குமேயன்றிப் பிடியைத் தராது.

மூட்டுகளின் தளர்வை ஸ்டியரிங் பெட்டியின் தகடுகளைக் குறைத்து இறுக்கிச் சரிசெய்ய முயல்வதும் தவறு. பெட்டி நடுநிலையில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கு ஆட்டம் நீங்கும்படி இறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகளில் பற்கள் இறுகி, திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

சட்டமும் சாலையும்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வேளாண் டிராக்டரைப் போக்குவரத்து அல்லாத வாகனமாக வரையறுக்கின்றன. எனவே லாரி, பேருந்து ஆகியவற்றுக்குக் குறித்த கால இடைவெளியில் செய்யப்படும் தகுதிச் சோதனை இதற்கு இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் புதுப்பிக்கும்போதே வாகனம் ஆய்வாளர் முன் வருகின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் பந்து மூட்டைக் குனிந்து பார்ப்பவர் உரிமையாளரும் ஓட்டுநரும் மெக்கானிக்கும் மட்டுமே.

பாரம் ஏற்றிய டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும்போதும், பின்பாரத்தால் முன்சக்கரங்கள் தரையில் இலேசாகப் பதியும்போதும், தளர்ந்த ஸ்டியரிங்கைத் திருத்த ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. முன்சக்கரம் வேகத்தில் நடுங்கினால் மூட்டையும் கிங்பின்னையும் சோதிக்கும் வரை டிரெய்லர் பூட்டாதிருத்தல் நன்று.

பவர் ஸ்டியரிங் உள்ள டிராக்டர்கள்

பிற்கால டிராக்டர்கள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ளது. பழைய டிராக்டர்களில் இதனைப் பின்னர் பொருத்துவோரும் உண்டு. ஓட்டுநரின் கைச்சுமை இதனால் பெரிதும் குறைகின்றது. எனினும் பந்து மூட்டுகளும் கிங்பின்களும் முன்போலவே இருக்கின்றன. சேற்றில் நின்றபடியே சக்கரத்தைத் திருப்புவது எளிதாகிவிடுவதால் அவற்றின் சுமை கூடுகின்றது. ஸ்டியரிங் சக்கரத்தின் வழியே கைக்குத் தெரிந்துவந்த ஆட்டமும் அதிர்வும் எண்ணெயில் அடங்கிவிடுகின்றன. ஆகையால் இத்தகைய டிராக்டர்களில் மூட்டுகளை ஜாக்கியில் உயர்த்திக் கையால் ஆட்டிப் பார்க்கும் சோதனையைப் பருவத்துக்கு ஒருமுறையேனும், கன்னிப்பூ உழவுக்கு முன்பும் கும்பப்பூ உழவுக்கு முன்பும், செய்தல் வேண்டும்.